ஓடை வண்டலும் ஓடை நீரும் யுரேனியத்தைக் காட்டிக்கொடுக்குமா?

கேள்வியின் சாரம் இது: 1970களில் அமெரிக்கா தன் ஓடைகளிலும் கிணறுகளிலும் வண்டலும் நீரும் எடுத்து யுரேனியத்துக்காகச் சோதித்தது. அந்தத் தரவு இன்று யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் யுரேனிய அளவு கூடுதலாக உள்ள இடங்களை வரைபடத்தில் குறித்தால் தாது இருக்கும் இடம் தெரிந்துவிடுமா? ஒரே ஓடையில் வண்டலில் அதிகமாகவும் நீரில் மிகக் குறைவாகவும் வருவது ஏன்?

முதல் கேள்விக்கு விடை, அதை மட்டும் வைத்துத் தாது இருக்கும் இடம் தெரிந்துவிடாது என்பதுதான். யுரேனியத்தின் அளவை மட்டும் தனியாக எடுத்து வரைந்த வரைபடம் பெரும்பாலும் எங்கே கிரானைட் இருக்கிறது, எங்கே நீர் ஆவியாகி உப்பேறியிருக்கிறது, எந்தப் பகுதியை எந்த ஆய்வகம் சோதித்தது என்பதைத்தான் காட்டும். அந்த எண்ணுக்குப் பொருள் தருவது அதனோடு சேர்த்து அளந்த மற்ற எண்கள். இரண்டாவது கேள்விக்கான விடையும் இதற்குள்ளேயே அடங்கியிருப்பதால் இரண்டையும் சேர்த்தே விளக்குகிறேன்.

முதலில் பின்னணி. அமெரிக்க அணுசக்தி ஆணையம் 1973-இல் தேசிய யுரேனிய வள மதிப்பீடு என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆங்கிலச் சுருக்கத்தில் அதை 'நியூர்' என்பார்கள். அதே ஆண்டில்தான் எண்ணெய் நெருக்கடி வந்தது. பவுண்டுக்கு 6 டாலர் அளவில் இருந்த யுரேனியம் 1976-க்குள் 40 டாலரைத் தொட்டது. நாட்டில் எவ்வளவு யுரேனியம் இருக்கிறது என்று அரசுக்கே தெளிவாகத் தெரியாத நிலையில், விமானத்திலிருந்து காமா கதிர்களை அளப்பது ஒரு பக்கமும், நீரையும் ஓடை வண்டலையும் சோதிப்பது மறுபக்கமுமாக வேலை நடந்தது. இந்த இரண்டாவது பகுதி 1975-இல் தொடங்கியது. அட்சக்கோட்டில் 1 பாகையும் தீர்க்கக்கோட்டில் 2 பாகையும் கொண்ட வரைபடக் கட்டங்களாக நாட்டைப் பிரித்து, அலாஸ்காவையும் சேர்த்து 625 கட்டங்களையும் முடிப்பதாகத் திட்டம். யுரேனிய விலை சரிந்து, 1980களின் தொடக்கத்தில் நிதியும் வற்றியபோது 307 கட்டங்கள் மட்டுமே முடிந்திருந்தன. வரைபடத்தில் வெறுமையாக இருக்கும் பல இடங்களில் யுரேனியம் இல்லை என்று பொருளல்ல. அங்கே யாரும் போகவில்லை, அவ்வளவுதான்.

இனி வேதியியல். யுரேனியம் இரண்டு முகம் கொண்ட தனிமம். நான்கு இணைதிறன் கொண்ட நிலையில், அதாவது ஆக்சிஜன் எட்டாத சூழலில், அது நீரில் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். யுரேனினைட் என்ற கனிமமாகப் பாறையில் அப்படியே தங்கிவிடும். ஆக்சிஜன் உள்ள நீர் அதைத் தொட்டவுடன் ஆறு இணைதிறன் கொண்ட யுரனைல் அயனியாக மாறி நீரோடு கிளம்பிவிடும். அந்த நீரில் கார்பனேட் இருந்தால் யுரனைல் அதனோடு பிணைந்துகொண்டு நெடுந்தூரம் பயணம் செய்யும். நீர் சற்றே அமிலத்தன்மையோ நடுநிலையோ கொண்டு, கார்பனேட் குறைவாகவும் இருந்தால், அதே யுரனைல் வழியில் கிடைக்கும் இரும்பு ஆக்சைடுகளிலும் மக்கிய தாவரப் பொருளிலும் ஒட்டிக்கொண்டு நீரிலிருந்து இறங்கிவிடும். சதுப்பு நிலத்துக் கரி மண் நீரிலிருந்து யுரேனியத்தைப் பிடித்துச் சேர்ப்பதில் கைதேர்ந்தது. நீரின் யுரேனிய அளவை விடப் பல ஆயிரம் மடங்கு செறிவு அந்த மண்ணில் சேர்ந்துவிட முடியும்.

ஆகவே ஒரே ஓடையில் வண்டலும் நீரும் வேறுவேறு கதை சொல்வதில் வியப்பில்லை. வண்டலில் வரும் யுரேனியம் குறைந்தது இரண்டு வழிகளில் அங்கே வந்திருக்கும். முதல் வழியில் அது சிர்க்கான், மோனசைட், செனோடைம் போன்ற எளிதில் சிதையாத கனிமத் துகள்களுக்குள் பூட்டப்பட்டு, மணலோடு மணலாக உருண்டு வந்திருக்கும். அப்படி வந்தது நீரில் கரையாது. எனவே வண்டலில் 30 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருந்தாலும் அருகில் ஓடும் நீரில் ஒன்றும் தெரியாது. மற்றொரு வழியில் அது நீரில் கரைந்து வந்து, வண்டலின் களிமண், இரும்புத் துரு, மக்கிய இலை ஆகியவற்றில் ஒட்டியிருக்கும். தாது தேடுபவருக்கு இந்த இரண்டாவது வகைதான் வேண்டும். முதல் வகையோ வரைபடம் முழுவதும் சிவப்புப் புள்ளிகளாக நிரம்பி ஆளைத் திசைதிருப்பிவிடும். வட, தென் கரோலினாக்களின் மலையடிவாரப் பகுதியை நியூர் தரவில் எடுத்துப் பாருங்கள். அங்கே வண்டலில் யுரேனியம் கூடுதலாகவே வரும். கூடவே தோரியமும் சீரியம், லாந்தனம் போன்ற அருமண் தனிமங்களும் சேர்ந்தே ஏறும். காரணம் மோனசைட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எரிவாயு விளக்குகளின் திரிக்கூட்டுக்குத் தேவைப்பட்ட தோரியத்துக்காக அந்த ஓடைகளிலேயே மோனசைட் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதும் அதே கனிமம்தான். இதையெல்லாம் யுரேனியத் தாதுவுக்கான அடையாளமாகக் கொண்டால் கரோலினா முழுவதையும் சுரங்கமாக்க வேண்டியிருக்கும்.

எனவே வண்டலைப் பொறுத்தவரை யுரேனியத்தையும் தோரியத்தையும் எப்போதும் சேர்த்தே பார்க்க வேண்டும். தோரியம் நீரில் ஏறத்தாழக் கரைவதில்லை. தோரியம் ஏறாமல் யுரேனியம் மட்டும் ஏறியிருக்கிறது என்றால், அது கரைந்து நகர்ந்து வந்து அங்கே படிந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். நியூர் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட நான்கு ஆய்வகங்களில் ஒன்றான ஓக் ரிட்ஜ் தன் பகுதிகளில் இதற்கு ஒரு நல்ல வழி செய்திருந்தது. ஒரே வண்டல் மாதிரியில், அமிலத்தில் கரைத்துப் பெற்ற யுரேனியத்தை ஒளிர்வு முறையிலும், கனிமம் எதுவாயினும் மாதிரியில் உள்ள மொத்த யுரேனியத்தை நியூட்ரான் முறையிலும் தனித்தனியாக அளந்து, இரண்டையும் பதிவு செய்தார்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் 1-ஐ நெருங்கினால் யுரேனியம் தளர்வாக ஒட்டியிருக்கிறது. மிகக் குறைந்தால் சிர்க்கான், மோனசைட் போன்ற கனிமங்களில் சிறைப்பட்டிருக்கிறது. என் பார்வையில், நியூர் தரவு முழுவதிலும் தாது தேடுபவருக்கு மிகவும் பயன்படக்கூடிய ஒரு சோடி எண்கள் இவைதான். ஆனால் தரவை இறக்கிக்கொள்பவர்களில் பலர் இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தேவையற்ற நிரல் என்று நீக்கிவிடுகிறார்கள்.

நீர் மாதிரிகளில் சிக்கல் வேறு வகையானது. மேலோட்டுப் பாறைகளில் யுரேனியம் சராசரியாக 2.7 பிபிஎம், ஆற்று நீரில் சுமார் 0.3 பிபிபி (பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு). அதாவது பாறையில் உள்ளதன் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் நீரில் தேடுகிறோம். இந்த அளவில், முந்தின வாரம் பெய்த மழைகூட எண்ணைப் பாதியாக்கிவிடும். நீண்ட வறட்சி இரண்டு மூன்று மடங்காக்கிவிடும். அதனால்தான் நீர் எடுத்த இடத்திலேயே அமில காரக் குறியீடு, காரத்தன்மை, மின்கடத்துதிறன், வெப்பநிலை ஆகியவற்றை அளந்து எழுதிவைக்கச் சொன்னார்கள். மின்கடத்துதிறன் கரைந்த உப்புகளின் மொத்த அளவைச் சொல்லும். உப்பு மூன்று மடங்காகும்போது யுரேனியமும் மூன்று மடங்கானால் அது வெறும் ஆவியாதல். உப்பு ஏறாமல் யுரேனியம் மட்டும் ஏறியிருந்தால்தான் அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏதோ இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார வேண்டும். நடு அமெரிக்காவின் உயர் சமவெளிகளில் ஒகலாலா என்ற நிலத்தடி நீர்த்தாங்கியின் கிணற்று நீரில் யுரேனியம் பொதுவாகவே கூடுதலாக வரும். அங்குள்ள படிவுகளில் கலந்திருக்கும் எரிமலைச் சாம்பலிலிருந்து அது மெல்ல மெல்லக் கசிகிறது. பரப்பு மிகப் பெரிது, அளவும் கவனிக்கத்தக்கது. ஆனாலும் அந்தப் பரந்த உயர்வு தாதுவைச் சுட்டுவதாகாது.

களப்பணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பிழைகளில் பெரும்பங்கு ஆய்வகத்தில் நேர்வதில்லை, ஓடையில்தான் நேர்கிறது. மாதிரி எடுப்பவர் சாலையிலிருந்து இறங்கியதும் பாலத்தடியிலேயே குனிந்துவிடக் கூடாது; பாலத்துக்கு மேற்புறம், சாலைச் சரளையும் வண்டிகள் விட்டுச்செல்லும் கழிவும் கலக்காத தூரத்துக்கு நடந்து போக வேண்டும். இடிந்து விழுந்த கரைமண்ணை எடுக்கக் கூடாது. அது அந்த ஒரு கரையைப் பற்றி மட்டுமே சொல்லும். நீர் இப்போது நகர்த்திக்கொண்டிருக்கும் படுகையில், பெரிய கற்களுக்குப் பின்னால் மென்வண்டல் ஒதுங்கும் இடங்களாகப் பார்த்து, பல இடங்களில் சிறிது சிறிதாக எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். பிறகு மிகையான சூடு இல்லாமல் உலர்த்தி, 100 மெஷ் சல்லடையில், அதாவது ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் துளையில் சலிக்க வேண்டும். சல்லடைக்குக் கீழே விழும் அந்த மென்பொடிதான் ஆய்வகத்துக்குப் போகும். மேலே நிற்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல். அதில் யுரேனியம் இல்லாததால் அது சேர்ந்தால் எண் நீர்த்துப்போகும். பிரிட்டனின் புவியியல் ஆய்வுத் துறை 1960களின் இறுதியில் வட ஸ்காட்லாந்தில் தொடங்கிய ஆய்வில் ஓடைக்கரையிலேயே நீர்விட்டுச் சலித்தார்கள். அங்கே இருந்த நுணுக்கம் என்னவென்றால், சலிக்கப் பயன்படுத்தும் நீர் மிகக் குறைவாக இருக்க வேண்டும், தட்டில் இறங்கிய கலங்கல் நீரை வீசிவிடாமல் தெளிய விட்டுக் காத்திருக்க வேண்டும். குளிரில் கை விறைக்க நின்று அந்தக் கலங்கலைக் கொட்டிவிட்டால், தேடி வந்த யுரேனியத்தில் ஒரு பகுதி களிமண்ணோடு சேர்ந்து ஓடையிலேயே போய்விடும்.

நீர் எடுப்பதிலும் இதே கண்டிப்பு வேண்டும். பாலிஎத்திலீன் புட்டியை அதே ஓடை நீரில் கழுவி, 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, உடனே நைட்ரிக் அமிலம் சில துளிகள் விட வேண்டும். அமிலம் விடாத நீரில் இரும்பு வீழ்படிவாகி, யுரேனியத்தையும் இழுத்துக்கொண்டு புட்டியின் சுவரில் படிந்துவிடும். வடிகட்டாமல் அமிலம் விட்டாலோ, நீரில் மிதந்த மண்துகள்களில் ஒட்டியிருந்த யுரேனியமும் கரைந்து கணக்கில் ஏறிவிடும். கிணற்று நீர் என்றால் குழாயில் தேங்கிய நீர் வெளியேறும் வரை ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். வீட்டு நீர்மென்மையாக்கிக்குப் பின்னால் பிடித்த நீர் எதற்கும் உதவாது.

எத்தனை சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி என்பது அடுத்த கேள்வி. நான்கு ஆய்வகங்களில் மற்றொன்றான லாஸ் அலமோஸ், அலாஸ்கா நீங்கலான தன் பகுதிகளில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற அடர்த்தியில் எடுத்தது. இதன் பொருளை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். ஒரு மலைச்சரிவில் 0.1 சதுர கிலோமீட்டர் பரப்பில் மண்ணில் யுரேனியம் 300 பிபிஎம் இருப்பதாகவும், சுற்றியுள்ள மண்ணில் 3 பிபிஎம் மட்டுமே இருப்பதாகவும், மண் எங்கும் சமமாக அரிக்கப்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். அந்தச் சரிவை உள்ளடக்கிய ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி 10 சதுர கிலோமீட்டர் என்றால், முகத்துவாரத்தில் எடுக்கும் வண்டலில் ஏறத்தாழ 6 பிபிஎம் வரும். பின்னணி அளவின் இரு மடங்கு, கண்ணில் படும். அதே ஓடை பெரியதில் சேர்ந்து நீர்ப்பிடிப்புப் பகுதி 100 சதுர கிலோமீட்டரான பிறகு எடுத்தால் 3.3 பிபிஎம்தான் வரும்; அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 300 பிபிஎம் என்ற அசாதாரணமான வளம் எப்படி 6 என்ற சிறிய எண்ணாகச் சுருங்குகிறது என்பதையும், பெரிய ஆறுகளை விட்டுவிட்டுச் சிற்றோடைகளைத் தேடிப் போவது ஏன் என்பதையும் இந்தக் கணக்கு சொல்லிவிடும். வரைபடத்தில் ஒரு புள்ளியின் அளவைப் பார்க்கும்போது அது எத்தனை சதுர கிலோமீட்டரின் வண்டல் என்று தெரியாவிட்டால் இரண்டு புள்ளிகளை ஒப்பிடவே கூடாது.

ஆய்வக முறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாஸ் அலமோஸில் வண்டலை ஒமேகா வெஸ்ட் என்ற அணு உலைக்குள் சிறிது நேரம் வைத்து வெளியே எடுப்பார்கள். யுரேனியம்-235 பிளந்து உண்டான சில துணைப் பொருள்கள் சிறிது நேரத்துக்கு நியூட்ரான்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். தாமதமாக வெளிவரும் அந்த நியூட்ரான்களை எண்ணினால் யுரேனியத்தின் அளவு கிடைத்துவிடும். மாதிரியைக் கரைக்க வேண்டியதில்லை என்பது இம்முறையின் பெரிய வசதி. நீர் மாதிரிகளைச் சோடியம் ஃப்ளூரைடோடு உருக்கி ஒரு சிறு வில்லையாக்கிப் புற ஊதா ஒளியில் காட்டினால், யுரேனியம் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். அந்த ஒளியை அளப்பார்கள். அழகான முறைதான், ஆனால் நீரில் இரும்போ மாங்கனீசோ மிகுந்திருந்தால் ஒளி மங்கி, யுரேனியம் உண்மையை விடக் குறைவாகத் தெரியும்.

நியூரின் உண்மையான பலவீனம் கருவிகளில் இல்லை, நிர்வாகத்தில் இருந்தது. நாட்டை நான்கு ஆய்வகங்களுக்குப் பங்கிட்டார்கள். மேற்கில் லாரன்ஸ் லிவர்மோர். நியூ மெக்சிகோ, கொலராடோ, வயோமிங், மான்டானா, அலாஸ்காவில் லாஸ் அலமோஸ். டெக்சஸ் முதல் டகோட்டாக்கள், பெரிய ஏரிகள் வரையிலான நடுப்பகுதியில் ஓக் ரிட்ஜ். கிழக்கில் சவானா ரிவர். பின்னர் லிவர்மோரின் பகுதிகள் மற்ற ஆய்வகங்களின் கைக்கு மாறின. ஒவ்வோர் ஆய்வகமும் தனக்கென ஒரு மாதிரி அடர்த்தி, தனிப் படிவம், தனிப் பகுப்பாய்வு முறை, தனிப்பட்ட துணைத் தனிமங்களின் பட்டியல் என்று வைத்துக்கொண்டது. விளைவாக, இரண்டு ஆய்வகங்களின் எல்லை சந்திக்கும் இடத்தில் சில தனிமங்களின் வரைபடத்தில் நேர்கோட்டில் நிறம் மாறும். பாறை அப்படி அட்சக்கோட்டைப் பார்த்து மாறுவதில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை பிற்காலத்தில் நான்கு விதமான பதிவுகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரப் பெரும்பாடு பட்டது. வடிவம் ஒன்றாகியது, அளந்த முறை பின்னோக்கிப் போய் ஒன்றாக முடியாது.

இதோடு கனடாவை ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயம். ஏறத்தாழ அதே காலத்தில், அதே யுரேனிய அவசரத்தில்தான் அங்கும் தொடங்கினார்கள். ஏரிகள் நிறைந்த, கனடியக் கேடயம் எனப்படும் பழம்பாறைப் பகுதியில் ஓடைகளை விட்டுவிட்டு, மிதவை பொருத்திய ஹெலிகாப்டரில் போய் ஏரியின் நடுவில் இறங்கி, அடிச்சேற்றை எடுத்தார்கள். 13 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி. ஒவ்வொரு 20 மாதிரிகளிலும் 17 மட்டுமே புதிய இடங்களிலிருந்து வரும். மீதி மூன்றில் ஒன்று அதே இடத்தில் மறுபடி எடுத்தது, ஒன்று ஆய்வகத்துக்குத் தெரியாமல் இரண்டாகப் பிரித்தது, ஒன்று அளவு தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரி. இந்த ஒழுங்கை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வைத்திருந்ததால், யுரேனிய மோகம் தணிந்த பின்னும் அந்தத் தரவு உயிரோடு இருந்தது. சேமித்து வைத்திருந்த மாதிரிகளை எடுத்துத் தங்கத்துக்காக மறுபடியும் சோதித்தார்கள். திட்டமிடும்போது இந்தச் சலிப்பூட்டும் மூன்று மாதிரிகளுக்குச் செலவழிக்க மறுப்பவர்களை நான் நம்புவதில்லை.

இந்த முறை பார்க்கவே முடியாத இடங்களும் உண்டு. வயோமிங்கின் மணற்கல் படுகைகளில் உள்ள யுரேனியத் தாது, ஆக்சிஜன் கொண்ட நிலத்தடி நீர் ஆக்சிஜனற்ற பகுதியைச் சந்திக்கும் இடத்தில் பிறை வடிவில் படிந்தது; அதில் பெரும்பகுதி இன்று நிலத்துக்குப் பல பத்து மீட்டர் முதல் சில நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. மேலே ஓடும் வறண்ட ஓடையின் மணலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அங்கே கிணற்று நீர்தான் துப்புத் தரும். அதிலும் ஒரு புதிர் உண்டு: தாதுவுக்கு மேற்புறத்தில், ஆக்சிஜனேறிய பகுதியில் உள்ள கிணற்றில் யுரேனியம் கூடுதலாக வரும், தாதுவைத் தாண்டிய ஆக்சிஜனற்ற பகுதிக் கிணற்றில் யுரேனியம் அடியோடு விழுந்துவிடும். அந்தத் திடீர் வீழ்ச்சிதான் அடையாளம். யுரேனியம் அதிகமுள்ள கிணறுகளை மட்டும் சிவப்பாக்கி வரைந்தவருக்கு இது கண்ணில் படவே படாது.

நீங்கள் இந்தத் தரவில் வேலை செய்யப் போவதாக இருந்தால், நாடு முழுவதையும் ஒரே வரைபடத்தில் கொட்டாமல் ஒரே ஒரு கட்டத்தில் தொடங்குங்கள். அதுவும் முழுவதும் ஓர் ஆய்வகமே செய்த கட்டமாக இருக்கட்டும். வண்டல், ஓடை நீர், ஊற்று நீர், கிணற்று நீர் ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்துவிடுங்கள். கண்டறியும் எல்லைக்குக் கீழே உள்ள மதிப்புகள் சில பதிவுகளில் எதிர்மறை எண்களாக இருக்கும். அவற்றை அப்படியே சராசரியில் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும். யுரேனியத்தின் பரவல் ஒரு பக்கம் நீண்டு இழுபட்டிருக்கும் என்பதால் மடக்கை எடுத்த பிறகே பின்னணி அளவை முடிவு செய்யுங்கள். அதையும் கட்டம் முழுவதற்கும் ஒன்றாக வைக்காமல், புவியியல் வரைபடத்தை அடியில் வைத்து, கிரானைட்டுக்கு ஒன்று, மணற்கல்லுக்கு ஒன்று, சுண்ணாம்புக்கல்லுக்கு ஒன்று என்று பிரியுங்கள். 5 பிபிஎம் கிரானைட் ஓடையில் சாதாரணம், சுண்ணாம்புக்கல் ஓடையில் கவனிக்கத்தக்கது. அதன் பிறகு வண்டலில் தோரியத்தோடும், நீரில் மின்கடத்துதிறனோடும் காரத்தன்மையோடும் யுரேனியத்தைப் பொருத்திப் பார்த்து, அவற்றால் விளக்க முடியாமல் எஞ்சும் அளவை மட்டும் வரைபடத்தில் இடுங்கள். வேளாண் பகுதி என்றால் பாஸ்பேட் உரத்தோடு வந்த யுரேனியத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஃப்ளோரிடாவின் பாஸ்பேட் பாறையில் யுரேனியம் ஏறத்தாழ 100 பிபிஎம் அளவில் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு, அடுத்தடுத்த சில சிற்றோடைகளில் சேர்ந்தாற்போல் எஞ்சி நிற்கும் புள்ளிகள் இருந்தால், அந்த ஓடைகளில் இன்னும் நெருக்கமாக, ஒவ்வொரு கிளையின் சந்திப்புக்கும் மேலே, புதிதாக மாதிரி எடுப்பதே அடுத்த வேலை.